மூட்டுவலி என்றாலே முடக்குவாதமா?

மாம்பலத்தில் இருக்கும் அம்மாவுக்கு 65 வயது, முழங்கால் வலி, முடக்குவாதமோ (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வயதில் முதலில் நினைக்க வேண்டியது மூட்டுத் தேய்மானம்தான்; மூட்டு நோய்களில் அதுவே மிகப் பரவலானது. முடக்குவாதம் 100 பேரில் ஒருவருக்கும் குறைவு, அதிலும் பெண்களே அதிகம். ஆனால் வாதநோய் கிளினிக்கில் போய் உட்கார்ந்தால் முடக்குவாதக்காரர்களே நிறையத் தெரிவார்கள். தேய்மானக்காரர்களில் பலர் நேரே எலும்பு டாக்டரிடம் போய்விடுகிறார்களே! அந்த வரிசையைப் பார்த்து ஊர்க்கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். மற்ற மூட்டு நோய்களில், யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கவுட் பெரும்பாலும் ஆண்களுக்கு. எதிர்ப்புச் சக்தி மூட்டோடு மற்ற உறுப்புகளையும் தாக்கும் லூபஸ் அரிது, வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அப்புறம் நம் ஊர்ச் சங்கதி ஒன்று: சிக்குன்குனியா வந்துபோன பிறகும் மாதக்கணக்கில் மூட்டு வலிக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். காலையில் காபி டம்ளரைப் பிடிக்க முடியாதபடி விரல்கள் ஒரு மணி நேரம் விறைத்திருக்கின்றனவா? அப்படியென்றால் முடக்குவாதமாக இருக்கலாம், வாதநோய் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.