லிஃப்ட் செய்த ஜிம்னி தூக்கிப் போடுகிறதா? ஸ்பிரிங் வாங்கும் முன் எடை மேடைக்குப் போங்கள்

கேள்வி: சார், எனக்குப் பொள்ளாச்சி. போன வருடம் பெங்களூரில் ஒருவரிடம் ஐந்து கதவு மாருதி ஜிம்னி வாங்கினேன். அவர் வண்டியை உயர்த்தும் 2 இஞ்ச் லிஃப்ட் கிட் போட்டு, பின்னால் இரும்பு பம்பர், டிராயர், ஃபிரிட்ஜ், தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து லடாக் வரை போய் வந்தவர். விற்கும்போது அவற்றைக் கழற்றிக்கொண்டார். ஸ்பிரிங்கும் ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) மட்டும் அப்படியே இருக்கின்றன. டயர் 215/75 ஆர்15. என் ஓட்டம் தோட்டத்து மண் பாதையும் மாதம் இரண்டு முறை வால்பாறையும்தான். பின் சீட்டில் உட்காரும் அம்மாவை வண்டி தூக்கிப் போடுகிறது. முதுகு வலிக்கிறது என்று இப்போது ஏறவே மறுக்கிறார். ஒரு மெக்கானிக் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டிவிடலாம் என்கிறார், இன்னொருவர் ஷாக்கை மாற்றச் சொல்கிறார். நண்பரின் கைவைக்காத ஜிம்னியோடு ஒப்பிட்டு, பின் சக்கர மையத்திலிருந்து வளைவு வரை டேப் வைத்து அளந்தேன். என் வண்டி 68 மில்லி உயரமாக இருக்கிறது. மென்மையாக ஓட எந்த ஸ்பிரிங் போடலாம்?

பதில்: நீங்கள் டேப் எடுத்து அளந்தது ரொம்ப நல்ல காரியம். பாதி பதில் அந்த அளவிலேயே இருக்கிறது. 2 இஞ்ச் என்றால் சுமார் 50 மில்லி. உங்கள் வண்டி 68 மில்லி ஏறி நிற்கிறது. மீதி 18 மில்லி, முன்னாள் உரிமையாளர் கழற்றிக்கொண்டு போன சாமான்களின் எடை. அந்தச் சாமான்களைச் சுமந்தபடி 50 மில்லியில் நிற்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த ஸ்பிரிங் அது. இப்போது சுமை இல்லை, அதனால் ஸ்பிரிங் நிமிர்ந்து நிற்கிறது.

லிஃப்ட் ஸ்பிரிங் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் உயரத்தைத்தான் கேட்கிறார்கள், ஒன்றரை இஞ்சா, இரண்டா, மூன்றா என்று. ஸ்பிரிங்குக்கு உயரம் இரண்டாவது விஷயம். அது எத்தனை கிலோவைத் தாங்கிக்கொண்டு அந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் முதல் விஷயம். நல்ல தயாரிப்பாளர்கள் ஒரே உயரத்துக்கு இரண்டு மூன்று ஸ்பிரிங் வைத்திருப்பார்கள்: கூடுதல் சுமை இல்லாத வண்டிக்கு ஒன்று, எப்போதும் 50 கிலோ ஏற்றியிருக்கும் வண்டிக்கு ஒன்று, 100 கிலோவுக்கு மேல் ஏற்றியிருப்பதற்கு ஒன்று. பார்ப்பதற்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வண்டியின் பின் ஆக்சில் எடை மேடையில் 580 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆக்சில், டயர், பிரேக் டிரம் போன்ற, ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் பாகங்களுக்கு 140 கிலோ கழித்தால், மிச்சம் 440. ஒரு ஸ்பிரிங் தாங்குவது 220 கிலோ. 1 மில்லி அமுங்க 2.2 கிலோ கேட்கும் ஸ்பிரிங் இந்த எடையில் 100 மில்லி அமுங்கி நிற்கும். 3.3 கிலோ கேட்கும் கனத்த ஸ்பிரிங் 67 மில்லிதான் அமுங்கும். முதல் ஸ்பிரிங்கில் வண்டி விநாடிக்கு 1.6 தடவை ஆடும், இரண்டாவதில் 1.9 தடவை. சாதாரண கார்களில் இது 1 முதல் 1.5 வரை இருக்கும். எண்ணில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் பின் சீட்டில், ஆக்சிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்கு அது நன்றாகவே தெரியும்.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 3.3 கிலோ ஸ்பிரிங் இரண்டு, நிமிர்ந்தது 18 மில்லி என்றால், குறைந்த சுமை ஏறக்குறைய 119 கிலோ. டிராயர், ஃபிரிட்ஜ், தண்ணீர், இரும்பு பம்பர் எல்லாம் சேர்ந்தால் அவ்வளவு வருவது இயல்புதான். ஐந்து கதவு ஜிம்னி காலியாக 1,200 கிலோ வரை இருக்கும், முழுச் சுமையோடு அனுமதிக்கப்பட்ட எடை 1,545 கிலோ. இவ்வளவு லேசான வண்டியில் 120 கிலோ ஏறினாலும் இறங்கினாலும் ஸ்பிரிங்கின் கணக்கே மாறிவிடும்.

அதனால் முதலில் உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் எடை மேடை எதற்காவது வண்டியைக் கொண்டு போங்கள். தேங்காய் லோடு எடை போடும் மேடை போதும். முழு வண்டியை ஒரு முறை, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை என மூன்று சீட்டு வாங்குங்கள். லாரிக்காரர்கள் அவசரப்படுத்தாத நேரமாகப் பார்த்துப் போனால் நிதானமாகச் செய்யலாம். அம்மா உட்காரும் இடத்தில் ஆள் இருக்கட்டும், நீங்கள் வழக்கமாக வைத்திருக்கும் சாமான் எதையும் இறக்க வேண்டாம். கடைக்காரரிடம் பேசும்போது இந்த மூன்று சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

ஸ்பிரிங்கை வெட்டுவது வேண்டவே வேண்டாம். உயரம் குறையும்போது மென்மை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள், நடப்பது நேர் எதிர். சுருள் ஸ்பிரிங் என்பது முறுக்கிச் சுற்றிய ஒரு நீளக் கம்பி. கம்பி நீளமாக இருந்தால் எளிதில் வளைந்து கொடுக்கும், குட்டையாக இருந்தால் விறைக்கும். வேலை செய்யும் சுற்று 7 இருக்கும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால், மிஞ்சும் 6 சுற்று முன்பைவிட 17 சதவீதம் விறைப்பாகிவிடும். வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது, பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது நகரவும் வாய்ப்பு உண்டு. கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது இன்னும் மோசம், இரும்பின் பதமே போய்விடும். கம்பியின் கனமும் இதேபோல ஏமாற்றும். விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. மற்ற அளவுகள் மாறாமல் 12 மில்லி கம்பி 13 ஆனால் விறைப்பு 38 சதவீதம் கூடும். கண்ணால் பார்த்து இது லேசான ஸ்பிரிங், அது கனத்த ஸ்பிரிங் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, அப்படியானால் உடனே ஸ்பிரிங்கை மாற்றிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். செலவில்லாமல் பார்க்க வேண்டியவை மூன்று இருக்கின்றன.

முதலாவது காற்று. பெட்ரோல் பங்கில் பெரிய வண்டி என்று நினைத்து 35 பிஎஸ்ஐ அடித்துவிடுவது சாதாரணம். உங்கள் டயர் ஆல் டெரெய்ன் வகையாக இருந்தால் அதன் பக்கச் சுவரே தடித்து விறைப்பாக இருக்கும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவை, காலையில் டயர் ஆறிக் கிடக்கும்போது வைத்து, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். சின்னக் கற்களில் வரும் டகடக அதிர்வு பெரும்பாலும் இதிலேயே பாதி குறையும்.

இரண்டாவது புஷ், அதாவது இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை. பலரும் கவனிக்காத இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜிம்னியின் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் உறுதியான ஒற்றைக் கட்டை. ஒவ்வொன்றையும் சேசிஸோடு இணைக்கும் இரண்டு இரும்புக் கைகளும், பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ஒரு பேனார்ட் ராடும் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு கைக்கும் ஆக்சில் பக்கம் இரண்டு புஷ், சேசிஸ் பக்கம் ஒன்று. புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ரப்பர் ஒட்டி வார்க்கப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கினால் குழாய் பிராக்கெட்டில் கவ்விக்கொள்ளும், அதன் பிறகு கை மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்க வேண்டும். லிஃப்ட் போடும்போது வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? வண்டி தரையில் இறங்கிய நொடியிலிருந்து ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். அதுவும் ஒரு ஸ்பிரிங்போல வேலை செய்து வண்டியை விறைப்பாக்கும், சீக்கிரம் கிழிந்தும் போகும்.

நீலகிரியிலிருந்து ஒருவர் இரண்டு செட் ஸ்பிரிங் மாற்றிப் பார்த்துவிட்டு, இரண்டுமே சரியில்லை என்று என்னிடம் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன். சேசிஸ் பக்கத்துப் புஷ்ஷில் ரப்பர் பிறை நிலா வடிவில் விரிந்து கிழிந்திருந்தது. நான்கு சக்கரமும் தரையில் இருக்க, அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம், வண்டி கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்தது. கிழிந்த புஷ்களை மட்டும் மாற்றி, வண்டியை நாலு முறை அழுத்தி ஆட்டிவிட்டு, அதே நிலையில் இறுக்கினோம். இரண்டாவது செட் ஸ்பிரிங்கிலேயே அவர் இன்றும் ஓட்டுகிறார். உங்கள் வண்டியிலும் இதைச் செய்யுங்கள், முக்கியமாகச் சேசிஸ் பக்கத்துப் போல்ட்டுகளிலும் பேனார்ட் ராடின் இரண்டு முனைகளிலும். இறுக்கும்போது கம்பெனி சொன்ன டார்க் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்க வேண்டும்.

மூன்றாவது, சுருளுக்குள் ரப்பர் துண்டு எதுவும் செருகியிருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் அசிஸ்டர், பஃபர் என்று விற்கும் சாமான் அது. சுமை ஏற்றிப் போனவர் போட்டிருக்கக்கூடும். இருந்தால் கழற்றிவிடுங்கள், அது இருக்கும் சுற்றுகள் வேலையே செய்யாது.

ஷாக் பற்றிச் சொன்ன மெக்கானிக் முழுக்கத் தவறில்லை, ஆனால் வரிசை தவறு. வேகத்தடை தாண்டியதும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் தளர்ந்துவிட்டது. ஒரே உதையாக உதைத்து அங்கேயே நின்றுவிட்டால் ஸ்பிரிங்கோ ஷாக்கோ உங்கள் வண்டியின் எடைக்கு அதிக விறைப்பு. சக்கரம் பள்ளத்தில் விழும்போது கீழிருந்து ‘டங்’ என்று கேட்டால், ஷாக் அதன் முழு நீளத்துக்கும் இழுபட்டு முட்டுகிறது. உங்கள் வண்டி கணக்கைவிட 18 மில்லி மேலே நிற்பதால் இந்த ‘டங்’ சத்தத்தை நீங்கள் ஏற்கனவே கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கனத்த ஸ்பிரிங்குக்காக அமைத்த ஷாக், ஸ்பிரிங் எகிறுவதைப் பிடித்து வைக்க அழுத்தமாக இருக்கும். அதோடு மென்மையான ஸ்பிரிங்கைச் சேர்த்தால், அடுத்தடுத்து பள்ளம் வரும் பாதையில் சக்கரம் திரும்பி நீள்வதற்குள் அடுத்த அடி வந்துவிடும். வண்டி படிப்படியாகத் தாழ்ந்து கடைசியில் ஆக்சில் மேலே முட்டாமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். எனவே மாற்றினால் இரண்டையும் ஒரே ஜோடியாக மாற்றுங்கள்.

இப்போது எதைப் போடுவது? உங்கள் ஓட்டத்துக்கு 2 இஞ்ச் தேவையில்லை என்பது என் கருத்து. கம்பெனி டயர் 195/80 ஆர்15, உங்களுடைய 215/75 அதைவிட விட்டத்தில் 10 மில்லிதான் பெரிது. கம்பெனி உயரத்திலேயே அது அடங்கும். வண்டியின் கீழ் இடைவெளியும் கம்பெனி நிலையிலேயே 210 மில்லி, தோட்டத்து மண் பாதைக்கு அது தாராளம். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் தாழ்ந்து நிற்கும் வண்டிதான் குறைவாகச் சாயும். ஆகவே முதல் யோசனை: கம்பெனி ஸ்பிரிங், கம்பெனி ஷாக், வேண்டுமானால் ஸ்பிரிங்கின் மேல் 20 மில்லி ஸ்பேசர். ஜிம்னியில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக நிற்பதால் ஸ்பேசர் உயரத்தை மட்டும்தான் மாற்றும், ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றாது. லிஃப்ட் போடுகிறவர்கள் கழற்றி வைத்த கம்பெனி செட், அதிகம் ஓடாததாகவே, குறைந்த விலைக்குக் கிடைக்கும். தேடிப் பாருங்கள்.

உயரம் கட்டாயம் வேண்டும் என்றால், 40 மில்லி, கூடுதல் சுமை இல்லாத வகை. கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்பிரிங் ரேட் (1 மில்லி அமுங்க எத்தனை கிலோ) என்ன? எத்தனை கிலோ கூடுதல் சுமைக்கு இது? மூன்று கதவுக்கா, ஐந்து கதவுக்கா? மூன்றாவது முக்கியம், ஏனென்றால் மூன்று கதவு வண்டியின் வீல்பேஸ் (முன் பின் சக்கர மையங்களின் இடைவெளி) 2,250 மில்லி, உங்களுடையது 2,590, எடையும் வேறு. பதில் தெரியாது என்றால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

பொருத்தும்போது சேசிஸின் கீழ் ஸ்டாண்டு வைத்துவிட்டுத்தான் வேலை ஆரம்பிக்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே போகக் கூடாது. ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி ஆக்சிலை மெல்ல இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். ஸ்பிரிங்கின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் இருக்கை நைந்திருந்தால் புதிது போடுங்கள், சத்தமும் அதிர்வும் உள்ளே ஏறும் வழி அது. வண்டி தாழ்ந்ததும் ஸ்டீயரிங் வீல் நேராக நிற்காது, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் கம்பியில் திருத்த வேண்டும். ஹெட்லைட் மட்டத்தையும் சரி செய்யுங்கள்.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போது லிஃப்ட் பெரிய கேள்வியாக வரும். கம்பெனி உயரத்துக்குத் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை முடிந்ததும் பம்ப் ஸ்டாப் நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டு, அம்மாவோடு வழக்கமான பாதையில் ஒரு முறை போய் வாருங்கள். எதிரே ஆக்சில் தட்டில் கிரீஸ் ஒட்டியிருந்தால் ஸ்பிரிங் ஒரு படி லேசாகிவிட்டது. ஒட்டாமல் இருந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். 500 கிலோமீட்டர் ஓடியபின், இப்போது அளந்த அதே இடத்தில் மறுபடி டேப் வையுங்கள். புது ஸ்பிரிங் சில மில்லி இறங்கியிருக்கும். அப்போது சேசிஸ் பக்கத்துப் போல்ட்டுகளை இன்னொரு முறை தளர்த்தி இறுக்குங்கள். எடை மேடைச் சீட்டுகளையும் அந்த அளவையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.