அங்கோர் வாட்டா, ஜாவாவா? மே மாதம் என்றால் என் ஓட்டு ஜாவாவுக்கே!

கேள்வி: எனக்கு 52 வயது. கும்பகோணத்தில் இருக்கிறோம். கணவர் வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். அவருக்கு முழங்கால் வலி உண்டு. மகள் கல்லூரியில் படிக்கிறாள், சிறு வயதிலிருந்தே பரதம் கற்கிறாள். வரும் மே மாதம் எட்டு நாள் வெளிநாடு போய்வர ஆசை. மால், தீம் பார்க் எதுவும் வேண்டாம். கோயில், கலை, அந்த ஊர் மக்களின் வாழ்க்கை, இவற்றைப் பார்க்க வேண்டும். கணவர் கம்போடியாவின் அங்கோர் வாட் என்கிறார். மகள் இந்தோனேசியா என்கிறாள். டிராவல்ஸ்காரரோ இரண்டையும் எட்டே நாளில் காட்டிவிடலாம் என்கிறார். நாங்கள் சைவம். என்ன செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

டிராவல்ஸ்காரர் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். கும்பகோணத்திலிருந்து கிளம்பி, கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறி, அங்கோர் வாட் இருக்கும் சியாம் ரீப் போய், மறுபடி விமானம் மாறி இந்தோனேசியா போய்த் திரும்புவதற்குள் எட்டில் பாதி நாள் விமான நிலைய நாற்காலியிலேயே போய்விடும். முழங்கால் வலிக்காரரை அப்படி அலைக்கழிப்பது பாவம். ஒரு நாடு போதும்.

எந்த நாடு என்றால், மே மாதத்தை மாற்ற முடியாது என்கிற பட்சத்தில் இந்தோனேசியாதான். அதிலும் எல்லோரும் ஓடுகிற பாலிக்கு அல்ல, முதலில் ஜாவாவுக்கு. யோக்யகர்த்தா நகரில் தங்குங்கள்.

உங்கள் கணவரின் ஆசை குறைந்தது என்று சொல்லவில்லை. அங்கோர் வாட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் அதைத் தட்டிவிட எனக்கு மனம் வராது. இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் விஷ்ணுவுக்காகக் கட்டியது. உங்கள் வீட்டுப் பக்கத்திலிருக்கும் தாராசுரம் எழுந்ததும் அதே நூற்றாண்டில்தான். அங்கோர் வாட்டின் கிழக்குப் பிராகாரச் சுவரில் பாற்கடல் கடையும் காட்சி ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே சிற்பத் தொடராக ஓடுகிறது. வாசுகியைப் பிடித்து இழுக்கும் தேவர்களையும் அசுரர்களையும் பார்த்துக்கொண்டே நடந்தால் கால் நோவதுகூடத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. சியாம் ரீப்பிலிருந்து சற்றுத் தள்ளி, இளஞ்சிவப்புக் கல்லில் செதுக்கிய பாந்தே ஸ்ரே என்ற சின்னக் கோயில். 967இல் குடமுழுக்குக் கண்டது. கட்டியவர் அரசர் இல்லை. அரசவையிலிருந்த யக்ஞவராகர் என்ற அறிஞர். அங்கே சிவன் ஆடும் சிற்பத்தில், ஓரமாக எலும்பும் தோலுமாக, மார்பு வற்றிய ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். தாராசுரத்தில் நாயன்மார் சிற்ப வரிசையைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு, கடல் கடந்து அத்தனை தூரத்தில் அம்மையாரைக் காண்பது என்ன உணர்வைத் தரும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் ஏன் இப்போது வேண்டாம் என்கிறேன்? முதல் காரணம் வெயில். கம்போடியாவில் ஏப்ரல், மே மாதங்கள்தான் உச்சக் கோடை. மே மாதத்தில் மழையும் தொடங்கிவிடும். புழுக்கத்தில் கல் தரை கொதிக்க, ஒரு கோயிலிலிருந்து இன்னொன்றுக்குத் திறந்தவெளியில் போக வேண்டியிருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை அதே இடம் அவ்வளவு இதமாக இருக்கும். அங்கோர் நுழைவுச் சீட்டும் மலிவில்லை. மூன்று நாள் சீட்டு ஆளுக்கு 62 டாலர். அவ்வளவு கொடுத்துவிட்டு, மதியம் முழுக்க அறைக்குள் முடங்கிக் கிடக்கக் கூடாது.

இரண்டாவது காரணம் உங்கள் மகள். 1975 முதல் 1979 வரை கம்போடியாவில் நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் அந்நாட்டு அரண்மனை நடனக் கலைஞர்களில் பெரும்பாலோர் மாண்டுபோனார்கள். தப்பிப் பிழைத்த சிலர் அந்தக் கலையை மீட்டெடுத்ததை நினைத்தாலே கைகூப்பத் தோன்றும். ஆனால் சியாம் ரீப்புக்கு வரும் பயணிக்குக் கண்ணில் படுவது பெரும்பாலும் ஓட்டல்களில் இரவுச் சாப்பாட்டோடு நடக்கும் அப்சரா நடனம். தட்டுச் சத்தத்துக்கு நடுவே ஆட்டம் பார்க்க பரதம் கற்ற பெண்ணுக்குப் பிடிக்காது.

ஜாவாவில் நிலைமை வேறு. யோக்யகர்த்தாவுக்கு அருகே, பிரம்பானான் என்ற பழைய சிவன் கோயில் வளாகத்தை ஒட்டி ஒரு திறந்தவெளி அரங்கம் இருக்கிறது. பின்னால் விளக்கொளியில் கோயில் கோபுரங்கள், முன்னால் மேடை. 1961 முதல் அங்கே ராமாயண நாட்டிய நாடகம் நடந்துவருகிறது. மழை நின்று வறண்ட காலம் தொடங்கும் மே மாதத்தில்தான் திறந்தவெளி ஆட்டமும் தொடங்கும். மழை மாதங்களில் உள்ளரங்கில் வைப்பார்கள். வசனம் கிடையாது. கமலான் எனப்படும் ஜாவாவின் வெண்கல வாத்தியங்களும் பாட்டும் ஆட்டமும்தான். அனுமன் இலங்கையை எரிக்கும் கட்டத்தில் மேடையில் நிஜமாகவே தீ மூட்டுவார்கள். ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ராமனாக ஆடுபவர் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறவர். அவர்களுக்கு இதில் எந்த முரண்பாடும் இல்லை; தங்கள் ஊர்க்கதை, தங்கள் பாட்டன் கலை, அவ்வளவுதான். பெரிய கோயில்கள் உங்கள் ஊரைச் சுற்றியே எத்தனையோ இருக்கின்றன. இந்தக் காட்சியை நம்மூரில் பார்க்க முடியாது. மூன்று பேருமாக நீங்கள் இதற்காகவே ஜாவா போக வேண்டும் என்பேன்.

மகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள். பரதத்தில் கண் பேசும். ஜாவாவின் பெண்கள் ஆட்டத்தில் பார்வை தாழ்ந்தே இருக்கும். இடுப்பிலிருந்து தொங்கும் துணியின் நுனியை விரலால் எடுத்து மெல்லச் சுண்டிவிடுவார்கள். உணர்ச்சியெல்லாம் அந்தச் சுண்டுதலிலும் கழுத்தின் சிறு அசைவிலும்தான். முதல் கால் மணி நேரம் 'என்ன இவ்வளவு மெதுவாக இருக்கிறதே' என்று தோன்றும். பொறுமையாக உட்காரச் சொல்லுங்கள். சுல்தான் அரண்மனையில் காலை வேளைகளில் கமலான் இசை, நடனம், தோல்பாவைக் கூத்து என்று நாளுக்கொன்றாக நடக்கும். 1755இல் தொடங்கிய அரச மரபு இன்றைக்கும் தொடர்கிறது. இப்போதைய சுல்தான்தான் அந்தப் பிரதேசத்தின் ஆளுநரும். அரண்மனைக்குப் பக்கத்திலேயே சோனோபுதோயோ அருங்காட்சியகம். அங்கே மாலையில் பாவைக்கூத்து இருக்கிறதா என்று போனதும் விசாரித்துவிடுங்கள். திரைக்கு முன்னாலிருந்து நிழலைப் பார்ப்பது ஒரு விதம். பின்னால் போய், ஒற்றை ஆளாக அத்தனை பாவைகளையும் ஆட்டி அத்தனை குரலிலும் பேசும் கூத்துக்காரரைப் பார்ப்பது இன்னொரு விதம். இரண்டு பக்கமும் போய்ப் பாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

இனி பிரம்பானான் கோயில். ஆட்டம் இருக்கிற நாளில் பிற்பகலே போய்க் கோயிலைப் பார்த்துவிட்டு, அப்படியே அரங்கத்துக்குப் போய்விடலாம். 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தது. விஜயாலய சோழன் தஞ்சையைப் பிடித்த காலத்தை ஒட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருக்கும் சிவன் கோயில் 47 மீட்டர் உயரம். இடிந்து கிடந்த கற்களை அடையாளம் பார்த்து அடுக்கி 1953இல்தான் அதை முழுதாக நிமிர்த்தினார்கள். 2006 நிலநடுக்கத்தில் மறுபடி அடி வாங்கியது, மீண்டும் சீர்செய்தார்கள். கிழக்கே பார்த்த கருவறையில் சிவன், வடக்கில் துர்க்கை, மேற்கில் பிள்ளையார். தெற்கு அறையில் யார் தெரியுமா? தாடியும் தொந்தியுமாக நம் அகத்தியர். நாம் அவரைப் பொதிகைக்கு உரியவராகக் கொண்டாடுகிறோம். ஜாவாக்காரர்கள் அவருக்கு ஒரு சந்நிதியே கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருட்டாக இருக்கும். செல்போன் வெளிச்சம் உதவும்.

சுற்றுப் பிராகாரக் கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் ராமாயணச் சிற்பங்கள். கிழக்கு வாசலில் தொடங்கி வலமாக வந்தால் கதை வரிசை தப்பாது. சேது கட்டும் காட்சியில் கொஞ்சம் நில்லுங்கள். மேலே வானரங்கள் பாறையைப் போட, கீழே கடலுக்குள் மீன்கள் கற்களை வாயில் கவ்வியபடி இருக்கும். கதை அங்கே முடிவதில்லை. மிச்சத்தைப் பக்கத்திலிருக்கும் பிரம்மா கோயிலில் பார்க்க வேண்டும். பலர் இது தெரியாமல் பாதிக் கதையோடு திரும்பிவிடுகிறார்கள்.

அடுத்தது போரோபுதூர். யோக்யகர்த்தாவிலிருந்து காரில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். உலகின் மிகப் பெரிய பௌத்தச் சின்னம். 504 புத்தர் சிலைகள், உச்சியில் துளையிட்ட மணி போன்ற 72 ஸ்தூபிகள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்பப் பலகைகள். மேலே ஏறத் தனிச் சீட்டு. நேரம் குறித்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் விடுவார்கள். கல் தேயாமலிருக்க அவர்களே ஒரு செருப்பு தருவார்கள். இந்தச் சீட்டை ஊரிலிருந்தே இணையத்தில் எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், ஏற விடாமல் போகலாம்.

படிகள் செங்குத்து, உயரமும் ஒன்றுபோல் இருக்காது. உங்கள் கணவரை ஏறச் சொல்லாதீர்கள். நீங்களும் மகளும் மேலே போங்கள். அவருக்குக் கீழேயே நல்ல வேலை இருக்கிறது. அடித்தளத்தின் தென்கிழக்கு மூலையில், மற்றபடி கல்லுக்குள் மறைந்துவிட்ட சிற்பங்களில் சிலவற்றைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இன்ன வினைக்கு இன்ன பலன் என்று காட்டும் சிற்பங்கள். தரையில் நின்றே பார்க்கலாம். வளாகத்துக்குள் ஒரு கப்பல் அருங்காட்சியகமும் உண்டு. போரோபுதூர்ச் சிற்பத்திலிருக்கும் மரக்கலத்தைப் பார்த்து அப்படியே ஒன்றைக் கட்டி, 2003–04இல் ஆப்பிரிக்காவின் கானா வரை ஓட்டிப் போனார்கள். அந்தக் கப்பல் அங்கே நிற்கிறது. ராஜேந்திர சோழனின் கடற்படையைப் பற்றிப் படித்துவிட்டு, எப்படித்தான் போயிருப்பார்கள் என்று யோசிக்கிறவர்களுக்கு அங்கே நேரம் போவதே தெரியாது.

திரும்பும் வழியில் மூன்று கிலோமீட்டரில் மெண்டுட் கோயில். பத்துப் பதினைந்து படிதான், கையைப் பிடித்து மெதுவாக ஏறலாம். உள்ளே சுமார் மூன்று மீட்டர் உயரப் புத்தர், நாற்காலியில் அமர்வதுபோல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். படிக்கட்டின் பக்கச் சுவரில் குச்சியைக் கவ்விக்கொண்டு பறவைகளோடு பறக்கும் ஆமை செதுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மகளுக்குச் சிறுவயதில் நீங்கள் சொன்ன கதையாகத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மே மாதப் பௌர்ணமியை ஒட்டி வைசாக் என்ற புத்த பூர்ணிமா விழா வரும். அன்று மெண்டுட்டிலிருந்து போரோபுதூருக்குப் பிக்குகள் ஊர்வலம் போவார்கள். பார்க்க அழகு, ஆனால் கூட்டம் நெரியும், அறை கிடைக்காது. கணவரின் காலை நினைத்து அந்தத் தேதியை விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். கம்போடியாவில் மீன் சாறும் புளிக்கவைத்த மீனும் பெரும்பாலான சமையலில் கலந்திருக்கும். ஜாவாவில் டெம்பே (சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் கட்டி), டோஃபு, கீரை, பலாக்காய் என்று தாராளமாகக் கிடைக்கும். யோக்யகர்த்தாவின் குடெக் என்பதே தேங்காய்ப்பாலிலும் பனைவெல்லத்திலும் பலாக்காயை மணிக்கணக்காக வேகவைத்த பண்டம்தான். இனிப்பாக இருக்கும். ஆனால் தட்டில் முட்டை, கோழி, மாட்டுத் தோல் கறி எல்லாம் சேர்த்து வைப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்னொரு ஆபத்து, சம்பல் என்ற மிளகாய்ச் சட்னியிலும் கடலைச் சாறிலும் கலக்கும் இறால் விழுது. 'தன்பா தெராசி' என்றால் அது வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். கூடவே முட்டை, மீன் வேண்டாம் என்பதையும் உள்ளூர் மொழியில் ஒரு தாளில் எழுதி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலிக்குக் கடைசி இரண்டு இரவு போதும். யோக்யகர்த்தாவிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடற்கரைப் பக்கம் போகாமல் உபுத்தில் தங்குங்கள். காலையில் வாசலுக்கு வாசல் பெண்கள் ஓலைத்தட்டில் பூ வைத்து ஊதுபத்தி ஏற்றுவதைப் பார்க்கலாம். மாலையில் உபுத் அரண்மனை முற்றத்தில் நடனம். கோயிலுக்குள் போக இடுப்பில் துணி கட்ட வேண்டும். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் வர வேண்டாம் என்று பலகையே வைத்திருப்பார்கள். குனுங் காவி என்ற இடத்துக்கு யார் கூப்பிட்டாலும் கணவரோடு போகாதீர்கள். அங்கே முந்நூறு படிக்குமேல் இறங்கி ஏற வேண்டும். பாலிக்குள் நுழைய வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 1,50,000 ருபியா வரி தனியாக உண்டு.

இந்தோனேசியாவில் இந்தியர்களுக்கு இறங்கியதும் விசா கிடைக்கும். 30 நாளுக்கு 5,00,000 ருபியா. அரசின் இணையதளத்திலேயே முன்கூட்டி எடுத்துவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம். அதே பெயர் சாயலில் கூடுதல் பணம் பிடுங்கும் தனியார் தளங்கள் நிறைய, கவனம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். நீங்கள் சென்னை வரை போக வேண்டியதில்லை. திருச்சியிலிருந்தே கோலாலம்பூர் போய், அங்கிருந்து யோக்யகர்த்தா போகலாம். புது விமான நிலையம் ஊருக்கு வெளியே தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நகருக்கு ரயில் உண்டு. யோக்யகர்த்தாவுக்கு அருகிலிருக்கும் மெராபி உயிருள்ள எரிமலை என்பதால் கிளம்புகிற வாரம் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை: அங்கோருக்கு டிசம்பரில் தனிப் பயணமாகப் போங்கள். பாந்தே ஸ்ரேக்கு ஒரு காலை முழுவதையும் ஒதுக்குங்கள். அங்கே ஏறுவதற்குப் படி அதிகம் கிடையாது. தாய்லாந்தையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று தரைவழியாக மட்டும் திட்டம் போடாதீர்கள். 2025இல் இரு நாட்டு எல்லையில் சண்டை மூண்டு, எல்லைக் கடவுகளை மூடினார்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, பிரம்பானான் திறந்தவெளி ஆட்டத்தின் மே மாத அட்டவணையைப் பார்ப்பது. வாரத்தில் எல்லா நாளும் ஆட்டம் இருக்காது. ஆட்டம் உள்ள இரண்டு இரவாவது நீங்கள் யோக்யகர்த்தாவில் இருக்கும்படி தேதியை முடிவு செய்துகொண்டு, அதன்பிறகு விமானச் சீட்டு எடுங்கள். ஒரு நாள் மழை கெடுத்தாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும்.