கேளுங்க சொல்றேன்: டாப்ஸ்லிப்பும் தேக்குக் கூப்பும்

போன வாரம் வேற ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்ப, ஆனைமலையில இருக்கிற டாப்ஸ்லிப் மரம் வெட்டுறதுக்காகவே உண்டான ஊருன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் புடிச்சுக்கிட்டு நிறைய பேரு எழுதிட்டீங்க, அதனால இந்த வாரம் முழுக்க அதேதான்.

கேள்வி: பசங்களோட டாப்ஸ்லிப் போயிருந்தோம். எங்க திரும்பினாலும் தேக்கா நிக்குது. இவ்ளோ அடர்ந்த காட்டுக்குள்ள மரம் வெட்டணும்னு முதல்ல யாருக்குத் தோணுச்சு? (வாசகி, உடுமலை)

பதில்: கப்பல் கட்டுறவங்களுக்குத்தாங்க. இங்கிலாந்துல ஓக் மரம் குறைஞ்சுபோன காலத்துல, பம்பாய் டாக்யார்டுல வாடியா குடும்பத்துக்காரங்க தேக்குல போர்க்கப்பல் கட்டிக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. ஓக்குல இருக்கிற அமிலம் இரும்பு ஆணியை அரிச்சிடும், தேக்குல இருக்கிற எண்ணெய் ஆணியையும் காப்பாத்தும், மரத்தையும் பூச்சி அரிக்காம காப்பாத்தும். 1817-ல பம்பாயில மலபார் தேக்குல கட்டுன ட்ரிங்கோமலிங்கிற கப்பல் இன்னைக்கும் இங்கிலாந்துல ஹார்ட்லிபூல் துறைமுகத்துல நிக்குதுன்னா பாத்துக்கோங்க.

கடற்கரைக்குப் பக்கத்துல இருந்த நல்ல தேக்கெல்லாம் தீரத் தீர கோடாலி மலைமேல ஏறுச்சு. 1848-ல கேப்டன் மைக்கேல்ங்கிற ராணுவ அதிகாரியை ஆனைமலைக் காட்டைப் பாத்துக்கச் சொல்லி அனுப்புனாங்க. அதுக்கப்புறம் ரயில் வந்துச்சு. 1856-ல ராயபுரத்துலேர்ந்து முதல் ரயில் கிளம்புன பிறகு மரத்துக்கான பசி பல மடங்கா ஆயிடுச்சு, ஏன்னா ஒரு மைல் தண்டவாளம் போட ஏறக்குறைய 2,000 ஸ்லீப்பர் கட்டை வேணும், அந்தக் கட்டையும் சில வருஷத்துல மக்கிப் போயி திரும்ப மாத்தணும். நம்ம ஊரு ரயில் பாதையோட கதையை எழுதுறவங்க இஞ்சினைப் பத்தி எழுதுவாங்க, பாலத்தைப் பத்தி எழுதுவாங்க, அடியில கிடந்த கட்டை எந்த மலையிலேர்ந்து வந்துச்சுன்னு எழுதுறவங்க கம்மி. எனக்கு அது ரொம்ப நாளா உறுத்தற விஷயம்.

கேள்வி: அந்தக் காலத்துல லாரி கிடையாது, ரோடு கிடையாது. அவ்ளோ பெரிய மரத்தை எப்படிங்க கீழ கொண்டு வந்தாங்க? (வாசகர், பல்லடம்)

பதில்: வெட்டுறதுக்கு முன்னாடியே வேலை ஆரம்பிச்சிடும். பச்சைத் தேக்கு தண்ணியில மூழ்கிடும், அவ்ளோ கனம். அதனால மரத்தோட அடியில சுத்தி வளையம் மாதிரி பட்டையையும் அதுக்கு உள்ள இருக்கிற வெளிர் மரத்தையும் வைரம்னு சொல்ற கெட்டியான நடு மரம் தெரியுற வரைக்கும் கொத்தி விட்டுடுவாங்க. வேர்லேர்ந்து தண்ணி ஏறுறது நின்னு போயி மரம் நின்ன நிலையிலயே செத்து காய ஆரம்பிக்கும். ரெண்டு மூணு வருஷம் அப்படியே விட்டு, நல்லா காஞ்சப்புறம்தான் வெட்டுவாங்க.

வெட்டி சாய்ச்சு, கிளை கழிச்சு, கட்டையோட ஒரு முனையில சங்கிலியோ கயிறோ நுழையுற மாதிரி ஓட்டை போடுவாங்க. அந்த ஓட்டையில மாட்டித்தான் யானை இழுக்கும். காட்டுக்குள்ள எங்கெங்கயோ கிடக்கிற கட்டையை எல்லாம் மலை விளிம்புக்குக் கொண்டு வந்து சேர்த்துட்டு, அங்கேர்ந்து சரிவுல தள்ளி விட்டுருவாங்க. அந்தச் சறுக்கோட உச்சிதான் டாப்ஸ்லிப், ஊரு பேரே அதுதான். கீழ விழுந்த கட்டையை மாட்டு வண்டியில ஏத்தி டிப்போவுக்கு கொண்டு போவாங்க, ஆரம்பத்துல அங்கேர்ந்து மேற்குக் கடற்கரைக்குப் போயி கப்பல்ல பம்பாய்க்குப் போச்சு. பொள்ளாச்சிக்கு ரயிலே 1915-லதான் வந்துச்சுங்க, அதுவரைக்கும் மாட்டோட முதுகுதான்.

இதுல காய்ச்சலையும் சேத்துக்கணும். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க மலேரியா. கூப்புல, அதாவது காட்டுல மரம் வெட்டுற இடத்துல, கூடாரம் போட்டுக்கிட்டு இருந்தவங்க, அதிகாரின்னாலும் சரி கோடாலிக்காரன்னாலும் சரி, காய்ச்சலுக்குத் தப்ப முடியாது. அதிகாரிக்கு குயினைன் கிடைச்சிருக்கும், லீவு போட்டு ஊட்டிக்கோ குன்னூருக்கோ போயிருப்பாரு. கோடாலிக்காரங்க எங்க போவாங்க?

கேள்வி: ஹ்யூகோ வுட்டுன்னு ஒரு வெள்ளைக்காரரு நடந்து போற வழியெல்லாம் கைத்தடியால குழி போட்டு தேக்கு விதையைப் போட்டுக்கிட்டே போனாருன்னு கைடு சொன்னாரு. நிஜமா, கதையா? (வாசகர், ஈரோடு)

பதில்: தடி கதை அந்த மலையில எல்லாரும் சொல்றதுதான், அவரு பழக்கம் அப்படி இருந்திருக்கலாம், நான் மறுக்கலை. ஆனா அவரு செஞ்ச பெரிய காரியம் அது இல்லீங்க.

1915 வாக்குல அவரு வன அதிகாரியா ஆனைமலைக்கு வந்தப்ப காடு மொட்டையாகிற நிலைமையில இருந்துச்சு. மரத்தை வேரோட எடுக்காதே, தரைக்கு மேல அடிக்கட்டையை விட்டு வெட்டுன்னு அவரு வழக்கம் கொண்டு வந்தாரு. தேக்கு அடிக்கட்டையிலேர்ந்து திரும்பத் துளிர்க்கும், ஏற்கனவே மண்ணுக்குள்ள பரவுன வேரு இருக்கிறதால அந்தத் துளிரு விதையிலேர்ந்து வர்ற கன்னைவிட வேகமா மேல வரும். ஒரு பக்கம் வெட்டுனா இன்னொரு பக்கம் வளர விடுறது, வெறும் இடமா இருந்தா நடுறது, இப்படி ஒரு ஒழுங்கு வந்துச்சு.

விதை போட்டு வளக்குறதும் சாமானியம் இல்ல. தேக்குக் கொட்டை ஓடு கல்லு மாதிரி இருக்கும். ராத்திரி தண்ணியில ஊறப் போட்டு, பகல்ல வெயில்ல காயப் போட்டு, திரும்ப ஊறப் போட்டு, இப்படி பல நாளு செஞ்சாத்தான் ஓரளவுக்கு முளைக்கும். முளைச்ச பிறகு களை எடுக்கணும், கோடையில தீ பரவாம நீளமா கோடு வெட்டி சருகைக் கூட்டணும். தேக்கு இலை எவ்ளோ பெருசுன்னு உங்களுக்கே தெரியும், உதிர்ந்து கிடந்தா ஒரு பொறி போதும். இவ்ளோ வேலையும் ஒரு மனுஷன் தடியில நடக்காது. அந்த மலையில வாழுற பழங்குடிங்களான மலசர் செஞ்சாங்க, காடர் செஞ்சாங்க, கீழேர்ந்து கூலிக்கு வந்தவங்க செஞ்சாங்க.

வுட் 1933-ல இறந்தாரு, அவரு ஆசைப்பட்டபடியே அந்தத் தேக்குக்கு நடுவுலதான் புதைச்சாங்க. கல்லறையில லத்தீன் வாசகம் இருக்கு, என் நினைவுச் சின்னத்தைத் தேடுறீங்கன்னா சுத்திப் பாருங்கன்னு அர்த்தம். லண்டன்ல செயின்ட் பால்ஸ் சர்ச்சைக் கட்டுன ரென்னோட கல்லறையில இருக்கிற அதே வாசகம்தான். வுட்டுக்கு அது தகும்னு நான் மனசார நினைக்கிறேன், வெட்டுறதுக்குன்னே அனுப்பப்பட்ட ஆளு திரும்ப வளக்கணும்னு நினைச்சது பெரிய விஷயம். ஆனா தீக்கோடு வெட்டுனவங்க பேரு ஒண்ணாச்சும் ஒரு பலகையிலயாவது இருக்கணும், இன்னைக்கு வரைக்கும் அந்தக் குறை எனக்கு ஆறலை.

கேள்வி: பரம்பிக்குளத்துல ரயில் ஓடுச்சுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. காட்டுக்குள்ள ரயிலா? (வாசகர், ஆனைமலை)

பதில்: உங்க தாத்தா சரியாத்தான் சொல்லியிருக்காரு. டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பக்கம் கொச்சி சமஸ்தானம். அவங்க மரத்தை சாலக்குடிக்குக் கொண்டு போக 1907-ல டிராம் பாதை போட்டாங்க, ஏறக்குறைய 80 கிலோமீட்டர், ஜெர்மனி கம்பெனி சாமான். செங்குத்தான இடத்துல இஞ்சினே கிடையாது. மேல இருக்கிற சுமை வண்டியையும் கீழ இருக்கிற காலி வண்டியையும் ஒரே இரும்பு வடத்துல மாட்டி, சுமை வண்டி இறங்குற கனத்துலயே காலி வண்டி மேல ஏறி வர்ற மாதிரி செஞ்சிருந்தாங்க, மேல ஒருத்தர் பிரேக்கு புடிச்சுக்கிட்டு நிக்கணும். பிரேக்கு விட்டுச்சுன்னா எல்லாம் பள்ளத்துலதான். 1963-ல மூடிட்டாங்க. பறவை ஆராய்ச்சி செஞ்ச சாலிம் அலி 1933-ல அந்தப் பாதையில இருக்கிற குரியார்குட்டியில தங்கித்தான் பறவைக் கணக்கு எடுத்தாரு.

கேள்வி: கூப்பு யானைங்க எல்லாம் இப்ப என்ன ஆச்சு? (வாசகி, கோவை)

பதில்: டாப்ஸ்லிப் பக்கத்துல இருக்கிற கோழிகமுத்தி யானை முகாம்ல இன்னைக்கும் யானை இருக்கு, ஆனா மரம் இழுக்கிற வேலை போச்சு. 1976-ல அந்தக் காடு சரணாலயம் ஆச்சு, பின்னால புலிகள் காப்பகம் ஆச்சு, கூப்பு முடிஞ்சு போச்சு. இப்ப அங்க இருக்கிற யானைங்கள்ல சிலது கும்கி, ஊருக்குள்ள வர்ற காட்டு யானையைப் புடிக்கவும் விரட்டவும் போறது. கலீம்னு ஒரு கும்கி 2023-ல ரிட்டையர் ஆச்சு, வனத்துறைக்காரங்க வரிசையா நின்னு சல்யூட் அடிச்சு அனுப்புனாங்க. 2019-ல புடிச்சுக் கொண்டு வந்த சின்னத்தம்பிங்கிற காட்டு யானையைப் பழக்குனதும் டாப்ஸ்லிப் காட்டுல வரகளியாறு முகாம்லதான்.

மாறாத வழக்கம் ஒண்ணு இருக்கு. சாயங்காலம் யானையைக் கால் சங்கிலியோட காட்டுக்குள்ள மேய விட்டுடுவாங்க. காலையில மாவுத்தனும் அவருக்கு உதவியா இருக்கிற காவடியும் மண்ணுல சங்கிலி இழுத்த கோட்டைப் பாத்துக்கிட்டே நடந்து போயி கண்டுபுடிச்சுக் கூட்டிட்டு வருவாங்க. புல்லு சாஞ்சிருக்கிறது, யானைச் சாணி சூடா இருக்கா ஆறிடுச்சா, மூங்கில் எங்க ஒடிஞ்சிருக்கு, எல்லாம் பாப்பாங்க. மலசர் குடும்பத்துல பையன் அப்பா பின்னால போயி கத்துக்கிறது. இந்த யானைங்களுக்கு ராத்திரி பகல் பாக்காம வைத்தியம் பாத்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை அந்த முகாம்கள்ல இன்னும் மரியாதையோட சொல்லுவாங்க. சுமை எவ்ளோ, ஓய்வு எவ்ளோன்னு யானைக்காகப் பேசுன மனுஷன்.

கேள்வி: காடருங்க மரம் வெட்டுற வேலைக்குத்தான் அங்க கொண்டு வரப்பட்டவங்களா? (கல்லூரி மாணவர், பொள்ளாச்சி)

பதில்: இல்லவே இல்ல தம்பி, தலைகீழா இருக்கு. காடு அவங்களோடது, கூப்புதான் அங்க வந்தது. 1850கள்ல ஆனைமலைக்கு வந்த கிளெக்ஹார்ன்ங்கிற வெள்ளைக்கார வன அதிகாரி எழுதி வெச்சிருக்காரு: காடருங்க வழி காட்டுவாங்க, துப்பாக்கியைத் தூக்கிட்டு வருவாங்க, சுமைகூட எடுப்பாங்க, ஆனா உதவியாத்தான், கூலின்னு கூப்புட்டா ரொம்பக் கோவப்படுவாங்கன்னு. மாப்பிள்ளை மூங்கில்ல சீப்பு செஞ்சு பொண்ணுக்குக் கொடுக்கிற வழக்கம் இருந்ததையும் பழைய பதிவுகள்ல பாக்கலாம். அவ்ளோ மானத்தோட இருந்தவங்களைத்தான் அவங்க வீட்டுக்குள்ளயே அனுமதி கேட்டுக்கிட்டு நிக்கிற நிலைமைக்கு கொண்டு வந்தோம். முதல்ல மரம் வேணும்னு காட்டை எடுத்தாங்க, அப்புறம் மிருகத்தைக் காப்பாத்தணும்னு சட்டம் போட்டு விறகுக்கும் தேனுக்கும் கட்டுப்பாடு வந்துச்சு. மிருகத்தைக் காப்பாத்தணும், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. ஆனா 2006 வன உரிமைச் சட்டம் அவங்க உரிமையை எழுத்துல ஒத்துக்கிச்சு, அது ஒவ்வொரு செட்டில்மென்ட்டுக்கும் முழுசா போய்ச் சேரணும், பட்டா கையில வரணும். நீ படிக்கிற பிள்ளை, அந்தச் சட்டத்தை ஒரு தடவை உக்காந்து படிச்சுப் பாரு.

கேள்வி: அடுத்த மாசம் போறோம். கூப்பு காலத்து அடையாளம் ஏதாவது கண்ணுல படுமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: படும். தேக்குல சில மரம் ஒரே அடியிலேர்ந்து ரெண்டு மூணு தண்டா பிரிஞ்சு மேல போகும் பாருங்க, அது பெரும்பாலும் வெட்டுன அடிக்கட்டையிலேர்ந்து துளிர்த்து வளந்தது. வரிசையா ஒரே கனத்துல நிக்குதுன்னா நட்டது. அப்புறம் கரியன் சோலைப் பக்கம் போனீங்கன்னா வித்தியாசம் உடனே தெரியும், அங்க வெயிலே தரைக்கு வராது, நூறு வகை மரம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கும், அது யாரும் நடாத காடு. பரம்பிக்குளத்துக்கும் இந்த ரோட்டுலதான் போகணும், கேரளாவுல இருந்தாலும் வண்டி போக வழி நம்ம பக்கம்தான். அங்க கன்னிமாரா தேக்கு இருக்கு, பல நூறு வருஷத்து மரம், அடிமரத்தைச் சுத்தி ஆளுங்க கை கோர்த்து நிக்கிற அளவு. சேத்துமடை செக்போஸ்ட்டுல பிளாஸ்டிக் விட மாட்டாங்க, நேரக் கட்டுப்பாடும் உண்டு, கிளம்புறதுக்கு முன்னாடி பொள்ளாச்சி வனத்துறை ஆபீஸ்ல கேட்டுக்கிட்டு போங்க.