கூலிப்பும் கூட்டாளிகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனின் ஜியாமெட்ரி பாக்ஸில் கூலிப் என்கிற புகையிலைப் பொட்டலம் இரண்டு இருந்தது. கேட்டால் "எல்லாரும்தான் போடுறாங்க" என்கிறான். அவன் அப்பா பெல்ட்டை எடுத்துவிட்டார். கைச்செலவுக்குக் கொடுக்கும் காசையும் நிறுத்திவிட்டோம். பள்ளியை மாற்றிவிடலாம், கூடச் சுற்றும் பையன்கள் பெயரை ஹெட்மாஸ்டரிடம் கொடுக்கலாம் என்கிறார். போதை மறுவாழ்வு மையத்தில் சேர்க்க வேண்டியிருக்குமோ என்று எனக்குப் பயம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பள்ளியை மாற்ற வேண்டாம். புதுப் பள்ளியில் தனியாக நிற்கிற பையன்தான் கிடைத்த கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளத் துடிப்பான். கூலிப் அங்கேயும் இருக்கும். தமிழ்நாட்டில் 2013 முதலே குட்காவும் புகையிலை கலந்த தின்பண்டங்களும் தடை. ஆனாலும் 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாணவர்களிடம் பரவும் கூலிப்பை நாடு முழுக்க ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்க வேண்டியிருந்தது.

சிகரெட்டைப் போலப் புகையில்லை, வெற்றிலையைப் போலத் துப்ப வேண்டியதில்லை. குட்டி டீ பேக் மாதிரி ஒரு பை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டு கணக்குப் பாடமே கவனிக்கலாம். புதினா வாசனை புகையிலையை மறைத்துவிடும். நிகோடின் வாயின் உள்தோல் வழியாக இரத்தத்தில் ஏறும். பையன் உதட்டை மடித்துப் பாருங்கள்: வைக்கும் இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால் கொஞ்ச நாளாகவே ஓடுகிறது என்று அர்த்தம். பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

"எல்லாரும்" என்று அவன் சொன்னது பொய்யல்ல. வகுப்பில் ஐந்தாறு பேர்தான் போடுவார்கள். அவனுக்கு அவர்கள்தான் எல்லாரும். யாரும் கையை முறுக்கித் திணிப்பதில்லை. ஒருவன் வாங்குவான், டப்பா சுற்றி வரும். எடுக்காதவன்மேல் உடனே விழும் சந்தேகம், "இவன் மாட்டிவிடுவானோ?" அதனால்தான் பெயர்ப் பட்டியல் வேண்டாம் என்கிறேன். கொடுத்த மறுநாளே அவன் காட்டிக்கொடுத்தவன் ஆகிவிடுவான். அந்தப் பெயரைத் துடைக்க முன்பைவிட அதிகமாகப் போடுவான். காசை அடியோடு நிறுத்தியதும் இப்படித்தான் முடியும். கூட்டாளி கடனுக்குக் கொடுப்பான், கடன்பட்டவனால் மறுக்க முடியாது. பஸ்ஸுக்கும் ஒரு டீ பன்னுக்கும் கொடுங்கள். பெல்ட்டால் நடப்பது ஒன்றுதான்: பொட்டலம் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து வேறிடம் போகும்.

அவனுக்கு வேண்டியது மறுத்தும் கூட்டத்தில் இருக்க ஒரு வழி. "உடம்புக்குக் கெடுதல்" என்று அங்கே சொன்னால் சிரிப்பார்கள். "வாய் புண்ணுடா, பல் டாக்டர் வாரா வாரம் பார்க்கிறாரு" என்றால் யாரையும் குறை சொன்னதாகாது. கூச்சமாக இருந்தாலும் வீட்டில் மாமாவோ அண்ணனோ கூலிப் நீட்டுவதுபோல் நடிக்க, இவன் பதில் சொல்லிப் பழகட்டும். இன்னொன்று, இக்கட்டான இடத்தில் மாட்டிக்கொண்டால் "சித்தி வந்தாச்சா?" என்று உங்களுக்கு ஒரு மெசேஜ். உடனே போன் போட்டு, "கிளம்பி வா" என்று அதட்டுங்கள். பழி உங்கள் மேல் விழட்டும். வந்ததும் விசாரணை வைக்காதீர்கள். வைத்தால் அடுத்த முறை மெசேஜ் வராது.

நிறுத்தும் நாளை அவனே குறிக்கட்டும். பரீட்சை வாரம் கூடாது, விடுமுறைத் தொடக்கம் நல்லது. முதல் மூன்று நாள்தான் கடுமை: எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, அகோரப் பசி. இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். அந்த நாட்களில் எரிந்து விழுந்தால் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடம்தான். வாய் எதையாவது தேடும். பொட்டுக்கடலை, ஏலக்காய், தண்ணீர் கையில் இருக்கட்டும். "புகையிலை இல்லாத" பான் மசாலா மாற்று அல்ல, அதில் பாக்கு இருக்கிறது. நிகோடின் சூயிங்கத்தை நீங்களாக வாங்கித் தராதீர்கள், மருத்துவர் சொல்லட்டும். 1800-11-2356 புகையிலையை விட உதவும் இலவச எண், அவனே பேசலாம். பத்தாம் நாள் ஒன்று போட்டுவிட்டான் என்றால் எங்கே, யாரோடு என்று மட்டும் கேளுங்கள். ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

கூலிப்புக்கு மறுவாழ்வு மையம் தேவையில்லை. காலி மாத்திரை அட்டை, கையில் ஊசித் தழும்பு, வெளிச்சம் இல்லாதபோதும் கடுகாய்ச் சுருங்கிய கண்மணி, இவற்றில் எதையாவது கண்டால் கதை வேறு. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கே போங்கள். மாத்திரைப் பழக்கத்தை வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தினால் சில வகைகளில் வலிப்பு வரலாம். எழுப்பியும் எழாமல் மூச்சு மெதுவானால் 108. பிறகு உள்நோயாளியாகச் சேர்க்கச் சொன்னால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிறுவனைப் பெரியவர்களோடு வைக்கக்கூடாது, வீட்டார் ஒருவர் உடன் இருக்க வேண்டும். "விட்டுவிட்டுப் போங்கள், மூன்று மாதம் பார்க்க வரக்கூடாது" என்கிற இடமானால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஹெட்மாஸ்டரிடம் போவதானால் கடையின் பெயரைக் கொண்டுபோங்கள். பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது. மருத்துவர் சொல்லாமல் சிறுவர்களுக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். புகாரை உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். அதில் எந்தப் பையன் பெயரும் வேண்டாம், உங்கள் மகன் பெயர் உட்பட.