அம்மாவுக்கு லண்டன் டிக்கெட்: ஆன்லைன் தளத்தில் போடலாமா?

அம்மாவை முதன்முறையாகக் கொழும்பிலிருந்து லண்டனுக்குத் தனியாக அனுப்புகிறீர்கள். ஒரு ஆன்லைன் தளம் எயார்லைன் சொல்வதைவிடக் குறைந்த விலை காட்டுகிறது, நம்பிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். அந்தத் தளங்களில் தாராளமாகத் தேடுங்கள். எந்த நாளில் விலை குறைகிறது, எந்த வழியாகப் போகலாம் என்று பார்க்க அதைவிட வசதி கிடையாது. காசு கட்டுவதை மட்டும் எயார்லைனின் சொந்தத் தளத்திலோ, வெள்ளவத்தையில் நேரே போய்க் கேட்கக்கூடிய ஒரு ஏஜென்சியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். விமான நேரம் மாறிவிட்டது என்று எயார்லைனுக்குப் போன் அடித்தால், “வாங்கிய இடத்தில் கேளுங்கள்” என்பார்கள். அங்கே கேட்டால், “எயார்லைன் பதில் சொல்ல வேண்டும்” என்பார்கள். 2020இல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது, கட்டிய காசைத் திரும்ப வாங்க எத்தனையோ பேர் இப்படித்தான் மாதக்கணக்கில் இழுபட்டார்கள்.

அதைவிட எனக்குப் பயம், இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டி ஒரே பயணம்போலக் காட்டுவது. என் பெரியம்மாவுக்குப் பாரிஸிலிருந்து மகன் போட்டு அனுப்பிய டிக்கெட் அப்படிப்பட்டது. கட்டுநாயக்காவில் பெட்டியைத் தராசில் வைத்த பிறகுதான், “பெட்டி மும்பைவரைதான் போகும் அம்மா, அங்கே வெளியே எடுத்துத் திரும்பப் போட வேண்டும், இந்திய விசா இருக்கா?” என்று கேட்டார்கள். விசா இல்லை. ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். இரண்டாவது டிக்கெட்டின் காசும் வரவில்லை. பெரியம்மா அன்றிரவு கவுண்டருக்குப் பக்கத்தில் நின்று அழுததை நினைத்தால் இன்றும் மனசு கேட்காது. இப்படிப் பெட்டியை நாமே எடுத்து மாற்ற வேண்டிய பயணத்துக்குத்தான் “செல்ஃப் டிரான்ஸ்ஃபர்” என்று பெயர். அந்தச் சொல்லைத் தளத்தில் கண்டால், விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பாரிஸ், பிராங்பேர்ட் போன்ற ஷெங்கன் நாட்டு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின்) விமான நிலையங்களில், வெளியே போகாமல் விமானம் மாறுவதற்கே டிரான்சிட் விசா எடுக்க வேண்டிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. கனடா, அமெரிக்க விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரித்தானிய விசா அந்த விலக்கில் சேராது. தளத்தில் இதை யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள். நல்ல ஏஜென்சிக்காரர் விலை சொல்ல முதலே பாஸ்போர்ட்டையும் விசாவையும் கேட்பார்.

பெயரிலும் கவனம். எங்கள் ஆட்களுக்கு அப்பாவின் பெயர் முன்னாலும் சொந்தப் பெயர் பின்னாலும் வருவதால், எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று குழப்பம் வரும். பாஸ்போர்ட்டில் எப்படிப் பிரித்திருக்கிறதோ அப்படியே போடுங்கள். ஆன்லைன் ஏஜென்சியில் பிழை விட்டால், ஒரு எழுத்தைத் திருத்தவும் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டிவரும்.

ஏற்கெனவே அங்கே வாங்கியாகிவிட்டது என்றால், உறுதிப்படுத்தும் மின்னஞ்சலோடு நிற்காதீர்கள். அதில் எயார்லைனின் ஆறெழுத்துப் பதிவு எண்ணைத் தேடி எடுத்து, எயார்லைனின் தளத்தில் போட்டுப் பாருங்கள். 13 இலக்க டிக்கெட் எண்ணும் வந்திருக்க வேண்டும். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்றால் அது 603இல் தொடங்கும். அந்த எண் இல்லையென்றால் இடம் பிடித்திருக்கிறது, டிக்கெட் அடிக்கவில்லை. பெட்டி எத்தனை கிலோ என்பதையும் அங்கேயே பாருங்கள், மிகக் குறைந்த விலை டிக்கெட்டில் பெட்டியே இல்லாமலும் இருக்கும்.

ஹோட்டலுக்கு நான் வேறு மாதிரி. நுவரெலியா, எல்ல என்று எங்கே போனாலும் புக்கிங், அகோடா போன்ற தளங்களில்தான் பார்ப்பேன். இலவசமாக ரத்து செய்யும் வசதி, போய்ச் சேர்ந்து காசு கொடுக்கும் வசதி இரண்டும் பெரிய நிம்மதி. சின்னத் தங்குமிடம் என்றால் ஒரு தடவை நேரே போன் பண்ணியும் கேளுங்கள். தளத்துக்கு அவர்கள் கொமிஷன் கட்டுவதால், நேரே வருபவருக்குச் சிலர் குறைத்துத் தருவார்கள்.

அம்மாவுக்கு, கொஞ்சம் கூடினாலும், கொழும்பிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரே போகும் ஸ்ரீலங்கன் விமானத்தை முதலில் பாருங்கள். சக்கர நாற்காலி உதவி தேவையென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள்.