மேயர் ஒருவர், பிடி இன்னொருவர் கையில்

கே: 1945-ல் பெர்லினைப் பிடித்த சோவியத் ராணுவம் நகர நிர்வாகத்தைக் கம்யூனிஸ்டுகளிடம் கொடுத்தது என்கிறார்கள். ஆனால் அப்போது மேயரான ஆர்தர் வெர்னர் கட்சி சாராதவராயிற்றே?

ப: மேயரை விட்டுவிட்டுத் துணை மேயரைப் பாருங்கள். நகரில் சண்டை ஓயும் முன்பே, ஏப்ரல் 30 அன்று, ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் வால்டர் உல்பிரிக்ட் தலைமையில் பத்துப் பேர் மாஸ்கோவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கினார்கள். பெர்லினின் 20 வட்டங்களுக்கும் நிர்வாகிகளைத் தேடிப் பிடிப்பது இவர்கள் வேலை. நியமன அதிகாரம் சோவியத் தளபதியிடம் இருந்தது.

தொழிலாளர்கள் நிறைந்த வட்டத்துக்குச் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் மேயர். வசதியானவர்கள் வாழும் செலென்டார்ஃப் போன்ற இடத்துக்கு நடுத்தர வர்க்கப் பிரமுகர். முதல் துணை மேயர், பணியாளர் நியமனம், கல்வி, போலீஸ் ஆகியவற்றுக்கு மட்டும் கம்யூனிஸ்டுகள். மே மாதம் அமைந்த மாநகர நிர்வாகத்திலும் இதே கணக்குதான்: முதல் துணை மேயர் கார்ல் மாரோன், பணியாளர் துறைக்கு ஆர்தர் பீக், கல்விக்கு ஓட்டோ வின்ட்சர், போலீஸ் தலைவர் பவுல் மார்க்கிராஃப்.

இவற்றில் பணியாளர் துறைதான் ஆணிவேர். நாஜிகளை வெளியேற்றியதும் ஏராளமான இடங்கள் காலியாகின. அவை யாருக்கு என்று முடிவு செய்தது அந்தத் துறை. மக்கள் பசியில் இருந்த நேரம் அது. ரேஷன் அட்டை ஐந்து தரமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர், தெருவுக்கு ஒரு பொறுப்பாளர் வழியாக அட்டைகள் கைக்கு வந்தன. யார் எந்த வீட்டில் என்பதெல்லாம் நிர்வாகத்துக்குத் தெரிந்தது. ஜூலையில் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் வந்தபோது முக்கிய நாற்காலிகள் நிரம்பிவிட்டன.

கே: தேர்தலில் மக்கள் மாற்றியிருக்கலாமே?

ப: மாற்றினார்கள். 1946 அக்டோபர் 20 தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சிக்கு 48.7 சதவீதம், கம்யூனிஸ்டுகள் முன்னின்று நடத்திய சோஷலிச ஐக்கியக் கட்சிக்கு 19.8 மட்டுமே. ஆனால் 1947 ஜூனில் நகர்மன்றம் சமூக ஜனநாயகக் கட்சியின் எர்ன்ஸ்ட் ராய்ட்டரை மேயராகத் தேர்ந்தெடுத்ததும் சோவியத் தரப்பு தடுத்துவிட்டது. நகரைப் பங்கிட்டு ஆண்ட சோவியத், அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் நான்கும் ஒப்பினால்தான் பதவியேற்க முடியும் என்பது விதி. ஓட்டு எண்ணிக்கையில் தோற்ற பிறகும் அந்த விதிதான் சோவியத் தரப்பின் ஆயுதம். போலீஸ் தலைவரை மன்றம் மாற்ற முனைந்தபோதும் இதே முட்டுக்கட்டை.

நகர்மன்றக் கட்டடம் சோவியத் பகுதியில் இருந்ததும் வினையானது. 1948 செப்டம்பர் 6 அன்று சோஷலிச ஐக்கியக் கட்சி திரட்டிய கூட்டம் உள்ளே புகுந்தது. மார்க்கிராஃபின் போலீஸ் தடுக்கவில்லை. பெரும்பான்மை உறுப்பினர்கள் பிரிட்டிஷ் பகுதிக்குப் போய்க் கூடினார்கள். நவம்பர் 30 அன்று கிழக்கில் தனி நிர்வாகம் அறிவிக்கப்பட்டது. ஓட்டுப்பெட்டி வைக்காமலே அதன் மேயரானார் சோஷலிச ஐக்கியக் கட்சியின் இளைய ஃபிரீட்ரிக் ஏபர்ட்.