இரண்டாம் வகுப்புப் பையனுக்குக் கழித்தல் வரவில்லை, கணக்குக் கிட் வாங்கிக் கொடுத்தால் வந்துவிடுமா?

மகன் இன்னும் விரல் விட்டு எண்ணுகிறான், ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு வண்ணக் கட்டைகள் வைத்த கிட் ஒன்று வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம். 100 ஐஸ் குச்சி, பத்து ரப்பர் பேண்ட், இது போதும். சென்னை பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடையில் குச்சி கட்டாகவே கிடைக்கும், அதுவும் வேண்டாம் என்றால் விளக்கமாற்று ஈர்க்குச்சியை ஒரே அளவாக ஒடித்துக்கொள்ளுங்கள். ஆனால் குச்சியைக் கையில் கொடுத்ததும் கணக்கு வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் புது வண்ணாரப்பேட்டையில் வீட்டு மாடியில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். பெரும்பாலும் மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது இரண்டாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள்கூட பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. அப்போது வந்த ஒரு பாப்பா 42-இலிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதினாள். நாலில் ஒன்று போனால் மூன்று, ஏழில் இரண்டு போனால் ஐந்து. மேலே எது கீழே எது என்று பார்க்காமல் பெரியதில் சின்னதைக் கழிப்பது, உங்கள் பையனும் அநேகமாக இதைத்தான் செய்துகொண்டிருப்பான், நோட்டை எடுத்துப் பாருங்கள்.

எல்லோரையும் போல நானும் "பக்கத்துல கடன் வாங்கு" என்றேன். அவள் கேட்டாள்: "கடன் வாங்கினா எப்ப மிஸ் திருப்பிக் குடுப்போம்?" கடன் வசூலிக்கிற தண்டல்காரர் தினமும் வாசலில் வந்து நிற்கிற வீட்டுப் பிள்ளை. அவள் கேட்டது முழுக்க நியாயம், ஏனென்றால் கழித்தலில் யாரும் யாரிடமும் கடன் வாங்குவதில்லை, திருப்பித் தருவதும் இல்லை. அன்றோடு அந்த வார்த்தையை விட்டேன். இப்போது "சில்லறை மாத்து" என்றுதான் சொல்கிறேன். பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்துப் பத்து ஒரு ரூபாய் வாங்கினால் காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அதே காசுதான்.

குச்சிக்கு வருகிறேன். பத்துப் பத்துக் குச்சியாகக் கட்டு போட வேண்டும், அந்தக் கட்டை நீங்கள் கட்டிக் கொடுக்காதீர்கள். பிள்ளையே பத்து எண்ணி, அதுவே ரப்பர் பேண்ட் போட வேண்டும். அந்தப் பாப்பா முதல் நான்கைந்து நாள், தானே கட்டிய கட்டைக்கூட ஒவ்வொரு தடவையும் குச்சி குச்சியாக எண்ணிப் பார்ப்பாள், பத்துதான் இருக்கிறதா என்று. எனக்குப் பொறுமை போகும், "அதான் பத்துன்னு தெரியுமே" என்று வாய் வரைக்கும் வரும். சொல்லவில்லை, அதற்கு இன்றைக்கும் சந்தோஷப்படுகிறேன். ஒரு நாள் அவளாகவே கட்டைத் தொட்டுத் தொட்டு பத்து, இருபது, முப்பது, நாப்பது, அப்புறம் தனிக் குச்சியைத் தொட்டு நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு என்றாள். பத்துக் குச்சி ஒரு பொருளாக அவள் மனதில் மாறியது அப்போதுதான். இது நடக்காமல் கழித்தலுக்குப் போவதில் பிரயோஜனமே இல்லை.

அடுத்த நாள் அதே கணக்கு. நாலு கட்டு, ரெண்டு குச்சி. பதினேழை எடுக்கச் சொன்னேன். ஒரு கட்டை எடுத்து எனக்குக் கொடுத்தாள், ரெண்டு தனிக் குச்சியையும் கொடுத்தாள், இன்னும் ஐந்து தர வேண்டும், கையில் தனிக் குச்சி இல்லை. கொஞ்ச நேரம் கட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மிஸ், ரப்பர் பேண்டைக் கழட்டட்டா?" என்றாள். கழட்டினாள். ஐந்தைக் கொடுத்தாள். மீதி ரெண்டு கட்டு, அஞ்சு குச்சி. நோட்டில் அவள் எழுதியிருந்த 35-ஐ அவளே அடித்தாள், நான் அழிரப்பர் எடுத்துக் கொடுக்கவில்லை.

நிறைய பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் கோளாறு. குச்சியில் சரியாகச் செய்கிற பிள்ளை நோட்டில் மறுபடி 35 எழுதும், ஏனென்றால் அதற்குக் குச்சி ஒரு விளையாட்டு, நோட்டு வேறு ஒரு வேலை. ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வைக்க வேண்டும். ரப்பர் பேண்டைக் கழட்டிய அதே நொடியில் நோட்டில் 4-ஐ அடித்து 3 எழுத வேண்டும், 2 பன்னிரண்டாக வேண்டும். நடுவில் படமும் உண்டு: கட்டுக்கு ஒரு பெட்டி, குச்சிக்கு ஒரு கோடு. முதலில் கையால், பிறகு படமாக, பிறகு குறியீடாக என்று அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் சொன்னது இந்த வரிசைதான். நம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-லேயே செயல்வழிக் கற்றல் தொடங்கிவிட்டது, அரசுப் பள்ளிச் சின்னப் பிள்ளைகளுக்காக 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பொருள் வைத்துக் கற்பிப்பது உண்டு. பையன் அரசுப் பள்ளி என்றால் அவன் டீச்சரிடம் கேளுங்கள், என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் வீட்டிலும் அதையே தொடரலாம்.

எந்தப் பொருள் முதலில் என்பதும் முக்கியம். குச்சிக் கட்டில் பத்து என்பது கண்ணுக்கே பத்து மடங்காகத் தெரிகிறது. பத்து ரூபாய் நாணயம் அப்படியில்லை, அதற்குள் பத்து ஒரு ரூபாய் இருப்பதை நம்ப வேண்டும். ஆணிகளில் மணி கோத்து எண்ணுகிற ஆணிமணிச்சட்டத்தில் இன்னும் கஷ்டம், ஒன்றுகளில் இருக்கிற மணியும் பத்துகளில் இருக்கிற மணியும் ஒரே மாதிரி, இடம் மட்டும்தான் வேறு. எனவே குச்சி, அப்புறம் காசு, கடைசியில் மணிச்சட்டம். காசு என்றதும் ஒன்று, வீட்டில் எல்லாமே ஜிபே ஆகிவிட்டதால் இப்போது நிறைய பிள்ளைகள் மீதிச் சில்லறை வாங்கிப் பார்த்ததே இல்லை. வாரத்துக்கு ஒரு நாளாவது கையில் காசு கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள்.

தமிழில் எண்ணுவது நமக்கு நல்ல வசதி. பதினொன்று என்றாலே பத்தும் ஒன்றும் காதில் விழுகிறது, ஆங்கிலத்தில் லெவன் என்றால் எதுவும் விழாது. தொண்ணூறு மட்டும் தொல்லை, அதற்குள் நூறு கேட்கிறது. என்னிடம் சில பிள்ளைகள் 89-க்கு அப்புறம் தடுமாறுவது இதனால்தான். ஒன்பது கட்டை வரிசையாக வைத்து அதைத் தொண்ணூறு என்று சொல்ல வையுங்கள், பத்தாவது கட்டும் சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒரு கயிற்றால் கட்டி நூறு என்று சொல்லுங்கள்.

பிறகு வகுத்தல் வரும்போதும் பொருள்தான், அதற்கு எங்கள் பிள்ளைகளுக்கு மீன் கூறு, அதாவது சந்தையில் மீனைக் குவியல் குவியலாகப் பிரித்து வைப்பது. 12 புளியங்கொட்டை, அதுதான் சங்கரா மீன். நாலு கூறு வை, கூறுக்கு எத்தனை? அப்புறம் கூறுக்கு மூணு வை, எத்தனை கூறு? ரெண்டும் வகுத்தல், ஆனால் கை செய்கிற வேலை வேறு வேறு, ரெண்டையும் செய்ய வேண்டும். ஒரு பையன் உடனே மறுத்தான், "எங்க ஆயா அப்டி வைக்காது மிஸ், பெரிய மீனு இருந்தா அதுல கம்மியா வைக்கும்." சரிதான், சந்தையில் கூறு சமமாவது மதிப்பில், எண்ணிக்கையில் இல்லை. "இங்க எல்லா மீனும் ஒரே சைஸு" என்று பேசி வைத்துக்கொண்டு தொடர்ந்தோம்.

விரல் விட்டு எண்ணுகிறான் என்று அவனைத் திட்டாதீர்கள், விரலும் பொருள்தான். ஒவ்வொன்றாக எண்ணுவது குறைய வேண்டுமானால் 30 முட்டை அட்டையில் ஐந்தைந்தாக இரண்டு வரிசை வெட்டி எடுங்கள், பத்துக் குழி. ஏழு பாட்டில் மூடி போட்டால் மூணு குழி காலி என்று எண்ணாமலே தெரியும். ஒரு மாதம் இதை விளையாடினால் விரல் தானாகக் குறையும். வீட்டில் மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால் புளியங்கொட்டை, பட்டன் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது, வாயில் போட்டுவிடும்.

எப்போது குச்சியை நிறுத்துவது என்று அடுத்துக் கேட்பீர்கள். நீங்கள் நிறுத்த வேண்டாம், டப்பா பக்கத்திலேயே இருக்கட்டும். அந்தப் பாப்பா இரண்டு மாதம் கழித்து 63-இலிருந்து 26-ஐ டப்பாவைத் திறக்காமலே கழித்து 37 எழுதினாள். எழுதிவிட்டு டப்பாவைத் திறந்து, கட்டைப் பிரித்து, சரிபார்த்து மூடி வைத்தாள்.